நீதிபதி உங்கள் கதையைக் கேட்பதில்லை: மறுக்கப்பட்ட பாதுகாப்பு விசாவும் நீதித்துறை மீளாய்வும்

ஆஸ்திரேலியாவில் பாதுகாப்பு விசாவுக்கு விண்ணப்பித்து, முதலில் உள்துறைத் திணைக்களத்திடமும் பிறகு தீர்ப்பாயத்திடமும் மறுப்புப் பெற்ற ஒருவர், "இனி கோர்ட்டுக்குப் போகலாம், அங்கே நீதிபதி என் கதையைக் கேட்பார்" என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறோம். அந்த வாக்கியத்தின் முற்பாதி சரி. பிற்பாதிதான் பலரைக் கடனிலும் வருடக்கணக்கான ஏமாற்றத்திலும் கொண்டுபோய் விடுகிறது. கதையைக் கேட்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதாகவே சட்டம் கருதுகிறது. அதைக் கேட்டவர்கள் சட்டம் சொன்னபடி கேட்டார்களா, சட்டம் சொன்னபடி முடிவெடுத்தார்களா என்பதைச் சோதிப்பது மட்டுமே நீதிபதியின் வேலை. இந்தச் சோதனைக்குத்தான் நீதித்துறை மீளாய்வு என்று பெயர். கீழே வருவது இதைச் சட்டப் பயிற்சி இல்லாதவருக்கும் விளங்கும்படி சொல்லும் பொது விளக்கம்; தனியொருவரின் வழக்குக்கான ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

முடிவு நீதிமன்றத்தை அடையும் வழி

பாதுகாப்பு விசாவுக்கான விதிகள் 1958ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் உள்ளன. அச்சட்டத்தின் 36ஆம் பிரிவு இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழுவொன்றைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றின் காரணமாகச் சொந்த நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்று, தகுந்த ஆதாரத்தோடு அஞ்சுபவர் முதல் வாசலால் நுழையும் அகதி. இந்த ஐந்தில் எதுவும் பொருந்தாவிட்டாலும், திருப்பி அனுப்பப்பட்டால் சித்திரவதை, உயிர்ப்பறிப்பு, இழிவுபடுத்தும் நடத்தை போன்ற பெருந்தீங்குக்கு ஆளாகும் மெய்யான ஆபத்து உள்ளவருக்கு 2012 மார்ச் 24 முதல் இரண்டாவது வாசல் ஒன்றும் திறந்திருக்கிறது. அதைத் துணைப் பாதுகாப்பு என்கிறார்கள்.

65ஆம் பிரிவின்படி, இந்த நிபந்தனைகள் நிறைவேறியுள்ளன என்று அமைச்சர் மனநிறைவு அடைந்தால் விசாவைக் கொடுத்தே ஆக வேண்டும். அடையாவிட்டால் மறுத்தே ஆக வேண்டும். நடைமுறையில் அமைச்சரின் பெயரால் முடிவெடுப்பவர் திணைக்கள அதிகாரி ஒருவர். 'மனநிறைவு' என்ற அந்தச் சொல்லை இங்கேயே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஆபத்து இருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டம் அந்த அதிகாரியிடமும், அவருக்குப் பின் தீர்ப்பாயத்திடமும் கொடுத்திருக்கிறது. நீதிபதியிடம் அதைக் கொடுக்கவில்லை.

அதிகாரி மறுத்தால் அடுத்த படி நிர்வாக மறுபரிசீலனைத் தீர்ப்பாயம். நம்மவர் பேச்சில் ஏஆர்டி. 2024 அக்டோபர் 14 அன்று பழைய நிர்வாக மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் (ஏஏடி) இடத்தை இது எடுத்துக்கொண்டது. தடுப்புக் காவலில் இல்லாத ஒருவர் மறுப்பு அறிவிக்கப்பட்ட 28 நாட்களுக்குள் இங்கே விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் தீர்ப்பாயத்தால் அந்தக் காலத்தை நீட்ட முடியாது. தீர்ப்பாய உறுப்பினர் கோப்பை முதலிலிருந்து பார்க்கிறார், புதிய சான்றுகளை வாங்குகிறார், மொழிபெயர்ப்பாளரை வைத்து விண்ணப்பதாரரிடம் நேரில் கேள்வி கேட்கிறார், அதிகாரியின் இடத்தில் தன்னை வைத்துப் புதிதாக முடிவெடுக்கிறார். கதை முழுமையாகக் கேட்கப்படும் கடைசி இடம் இதுதான். நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்த விசாரணைக்கு அரைகுறைத் தயாரிப்போடு போவதைவிடப் பெரிய தவறு இந்தப் பயணத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து.

2012 ஆகஸ்ட் 13 முதல் 2013 இறுதி வரை படகில் வந்தவர்களுக்கு இந்தப் படி வேறு விதமாக இருந்தது. அவர்களின் மறுப்புகளைக் குடிவரவு மதிப்பீட்டு ஆணையம் என்ற தனி அமைப்பு, பெரும்பாலும் நேரில் அழைக்காமல், கோப்பிலுள்ள காகிதங்களை வைத்தே பார்த்தது. ஏஆர்டி தொடங்கிய அன்றே அந்த ஆணையம் கலைக்கப்பட்டது. ஆனால் அது எடுத்த முடிவுகளை எதிர்த்த வழக்குகள் அதனோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை.

தீர்ப்பாயமும் மறுத்த பிறகுதான் நீதிமன்றம். தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கக்கூடிய ஒரு முடிவை, அங்கே போகாமல் நேரே மீளாய்வுக்குக் கொண்டுவந்தால், அதை விசாரிக்கும் அதிகாரமே தனக்கில்லை என்று இந்தப் படியிலுள்ள நீதிமன்றம் சொல்லிவிடும். வழக்கு தொடங்கும் இடம் ஆஸ்திரேலிய பெடரல் சர்க்யூட் மற்றும் குடும்ப நீதிமன்றத்தின் இரண்டாம் பிரிவு. குடும்ப வழக்குகளின் பெயரைத் தாங்கிய நீதிமன்றத்தில் அகதி வழக்கா என்று சிலர் திகைப்பதுண்டு. 2021 செப்டம்பர் 1 அன்று இரண்டு நீதிமன்றங்களை ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்ததால் கிடைத்த பெயர் அது.

நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது

இதற்கு ஒரு வரலாறு உண்டு. அது தெரிந்தால் பிற்பாடு வரும் சட்டச் சொற்கள் எளிதாகிவிடும். 2001இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் குடிவரவுச் சட்டத்தில் 474ஆம் பிரிவைப் புதிய வடிவில் சேர்த்தது. விசா முடிவுகள் இறுதியானவை, அவற்றை எந்த நீதிமன்றத்திலும் எதிர்க்கக் கூடாது என்று அது சொன்னது. நேரடியாகப் படித்தால் கதவு முழுதாக அடைபட்டுவிட்டது.

ஆனால் 1901 முதல் நடைமுறையிலுள்ள அரசமைப்பின் 75ஆவது பிரிவு, அதன் ஐந்தாம் உட்பிரிவில், நடுவண் அரசின் அதிகாரிகளுக்கு எதிராகப் பேராணை (ரிட்) கேட்டு வரும் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்திருக்கிறது. (தமிழ்நாட்டு வாசகருக்கு ஒரு குறிப்பு: இங்கே உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் உச்சியிலுள்ள நீதிமன்றம், அதற்கு மேல் எதுவும் இல்லை.) அரசமைப்பு கொடுத்ததைச் சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது. 2003 பிப்ரவரியில் 'வாதி எஸ்157' என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் இந்த முடிச்சை அவிழ்த்தது. சட்டம் கொடுத்த அதிகாரத்தின் எல்லையைத் தாண்டி எடுக்கப்பட்ட ஒரு முடிவு, அச்சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட முடிவே ஆகாது; அப்படி இருக்கையில் அச்சட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு மட்டும் கவசம் போடும் 474ஆம் பிரிவு அதைக் காப்பாற்றாது என்று அது தீர்ப்பளித்தது.

அந்த எல்லை மீறலுக்கு அதிகார வரம்புத் தவறு என்று பெயர். இன்றும் ஒவ்வொரு பாதுகாப்பு விசா வழக்கும் இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது. தீர்ப்பாயம் தவறான முடிவுக்கு வந்துவிட்டது என்று காட்டினால் போதாது. சட்டம் தனக்கு இட்ட வேலையைத் தீர்ப்பாயம் செய்யவே இல்லை என்று காட்ட வேண்டும்.

ஒரே மனக்குறை, இரண்டு வடிவம்

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சியிலிருந்து வந்து மெல்பர்னில் வாழ்பவர். தம் அண்ணன் இயக்கத்தில் இருந்ததால் தம்மை 2 முறை இராணுவ முகாமுக்கு அழைத்துச் சென்று அடித்தார்கள் என்கிறார். மெல்பர்னுக்கு வந்த பிறகு நினைவேந்தல் நிகழ்ச்சிகளிலும் ஆர்ப்பாட்டங்களிலும் முன்வரிசையில் நின்றதாகவும், அந்தப் படங்கள் இணையத்தில் இருப்பதால் திரும்பிப் போனால் விமான நிலையத்திலேயே பிடிக்கப்படலாம் என்றும் எழுத்து வாக்குமூலத்தில் சொல்கிறார். தீர்ப்பாயத்தின் முடிவுரை 90 பத்திகள். அவற்றில் 70 பத்திகள் முகாம் சம்பவங்களின் தேதிகள் ஒன்றோடொன்று முரண்படுவதை அலசி, அவரை நம்ப முடியாது என்று முடிகின்றன. எஞ்சியவை நாட்டு நிலைமை, சட்ட வாசகம். மெல்பர்ன் ஆர்ப்பாட்டங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இவர் நீதிமன்ற விண்ணப்பப் படிவத்தில், "நான் உண்மையைத்தான் சொன்னேன், தீர்ப்பாயம் என்னை நம்பவில்லை, எனக்கு நாட்டில் ஆபத்து இருக்கிறது" என்று எழுதினால், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் வழக்கு தோற்கும். தேதி முரணைப் பார்த்து ஒருவரை நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலை. வேறொருவர் அதே சான்றைப் பார்த்து நம்பியிருக்கலாம் என்பது நீதிமன்றத்தில் வாதமாகாது.

அதே மனிதர், "திரும்பிப் போனால் ஆஸ்திரேலியாவில் செய்த அரசியல் செயல்பாட்டால் ஆபத்து என்று வாக்குமூலத்தின் இன்ன பத்தியில் தெளிவாகச் சொல்லியிருந்தேன், அந்தக் கோரிக்கையைத் தீர்ப்பாயம் பரிசீலிக்கவே இல்லை" என்று எழுதினால், அது முற்றிலும் வேறு வழக்கு. தெளிவாக முன்வைக்கப்பட்ட ஒரு கோரிக்கையை ஆராயாமல் விட்ட தீர்ப்பாயம் தனக்கு இடப்பட்ட பணியை முடிக்கவில்லை. முகாம் கதை பொய்யென்றே வைத்துக்கொண்டாலும், ஆர்ப்பாட்டப் படங்களால் வரும் ஆபத்து தனியே நிற்கக்கூடியது. 2003இல் உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட அடிப்படை இதுவே.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோரிக்கை வேறு, சான்று வேறு. கொடுத்த ஒவ்வொரு கடிதத்தையும் புகைப்படத்தையும் தீர்ப்பாயம் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியதில்லை. ஒன்றைக் குறிப்பிடாமல் விட்டதனால் மட்டும் அதைப் பார்க்கவில்லை என்று நீதிமன்றம் முடிவுகட்டிவிடாது. தீர்ப்பாயத்தின் காரணங்களைத் தவறு தேடும் கண்ணோடு வரி வரியாகக் கிள்ளிப் பார்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 1996இலேயே எச்சரித்திருக்கிறது. அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் அந்த எச்சரிக்கையைத் தவறாமல் எடுத்துக்காட்டுவார்கள்.

தவறான கேள்வியைக் கேட்பது

தீர்ப்பாயம் எல்லாவற்றையும் பார்த்திருக்கலாம், ஆனால் சட்டம் கேட்கச் சொன்ன கேள்வியை விட்டுவிட்டு வேறொரு கேள்விக்கு விடை தேடியிருக்கலாம். அதுவும் அதிகார வரம்புத் தவறே.

அகதியின் அச்சம் ஆதாரமுள்ளது என்று கொள்ள, தீங்கு நேரும் 'மெய்யான வாய்ப்பு' இருந்தால் போதும் என்று உயர் நீதிமன்றம் 1989இல் சொன்னது. தீங்கு நேராமல் இருக்கவே வாய்ப்பு அதிகம் என்றாலும், 10 விழுக்காடு வாய்ப்பு இருந்தாலும் அச்சம் ஆதாரமுள்ளதாக இருக்க முடியும் என்று அந்த வழக்கில் நீதிபதி மெக்ஹியூ எழுதினார். ஆகவே ஒரு முடிவுரையில், "இவருக்குத் தீங்கு நேரும் என்பதைவிட நேராது என்பதே அதிக சாத்தியம், எனவே மறுக்கிறேன்" என்ற தர்க்கம் இருந்தால், தீர்ப்பாயம் அளவுகோலையே மாற்றிவிட்டது என்று வாதிட இடமுண்டு.

2003இல் முடிந்த எஸ்395 வழக்கு இதற்கு இன்னொரு முகம். வங்கதேசத்திலிருந்து வந்த ஒருபாலின இணையர் இருவர். அவர்கள் தங்கள் உறவை வெளிக்காட்டாமல் வாழ்ந்தார்கள், திரும்பிப் போனாலும் அப்படியே வாழ்வார்கள், ஆகவே ஆபத்தில்லை என்றது அன்றைய தீர்ப்பாயம். அவர்கள் ஏன் மறைத்து வாழ்கிறார்கள், வெளியே தெரிந்தால் என்ன நடக்கும் என்ற பயம்தானே காரணம் என்ற கேள்வியைத் தீர்ப்பாயம் கேட்கவே இல்லை என்று உயர் நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கண்டார்கள், முடிவு ரத்தானது.

சட்டக் கேள்வி எழுப்பியவர்கள் எல்லாரும் வென்றுவிடவில்லை. 2017இல் எஸ்இசட்டிஏஎல் என்ற வழக்கு, இலங்கையிலிருந்து சட்டத்துக்குப் புறம்பாக வெளியேறியவர்களைப் பற்றியது. திரும்பிப் போனால் சிறிது காலம் சிறையில் அடைக்கப்படுவார்கள், அந்தச் சிறைகளின் நிலை மோசம் என்பதில் பெரிய சர்ச்சை இல்லை. கேள்வி, துணைப் பாதுகாப்புச் சட்டத்தில் வரும் 'வேண்டுமென்றே' என்ற சொல்லின் பொருள் என்ன என்பது. சிறைக்கு அனுப்பினால் துன்பம் நேரும் என்று இலங்கை அதிகாரிகளுக்குத் தெரியும் என்பது போதாது, துன்பத்தை உண்டாக்கும் நோக்கம் அவர்களுக்கு உண்மையில் இருக்க வேண்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. விண்ணப்பதாரர்கள் தோற்றார்கள். சிறை நிலைமை மோசம் என்ற ஒன்றை மட்டும் நம்பி வாதிடுவது அதன் பிறகு மிகக் கடினமாகிவிட்டது.

பதில் சொல்ல வாய்ப்பு

இயற்கை நீதி என்ற தொடர் நமக்குப் பழக்கமானது. ஒருவருக்கு எதிராக முடிவெடுக்கும் முன், எந்த விடயத்தில் தனக்கு ஐயம் என்பதைச் சொல்லி, பதில் கூற அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு 2006ஆம் ஆண்டின் எஸ்இசட்பிஇஎல் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஈரானியக் கப்பல் பணியாளர் ஒருவர் கிறிஸ்தவத்தில் நாட்டம் கொண்டார். அது கப்பல் தலைவருக்குத் தெரிந்துவிட்டதால் நாடு திரும்ப அஞ்சுவதாகச் சொன்னார். கப்பல் தலைவருக்கு அது எப்படித் தெரிந்தது, தெரிந்தபின் அவர் எப்படி நடந்துகொண்டார் என்ற பகுதிகளைத் திணைக்கள அதிகாரி ஐயப்படவில்லை. தீர்ப்பாய விசாரணையிலும் அவை பற்றி யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. முடிவுரையில் மட்டும் அவை நம்பத்தக்கவை அல்ல என்று எழுதப்பட்டிருந்தது. அதிகாரி ஏற்றுக்கொண்ட ஒன்றைத் தீர்ப்பாயம் கேள்விக்குள்ளாக்கப் போகிறதென்றால் அதை விண்ணப்பதாரர் அறியும்படி செய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே முடிவுரையைப் படிக்கும்போது பக்கத்தில் அதிகாரியின் பழைய முடிவையும் வைத்துக்கொண்டு, 'இந்தக் காரணம் எங்கே முளைத்தது' என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயனுள்ள பழக்கம்.

மொழிபெயர்ப்பும் இதே தலைப்பின் கீழ் வரும். விண்ணப்பதாரர் சொல்வதைத் தீர்ப்பாயம் விளங்கிக்கொள்ளும் அளவுக்கு மொழிபெயர்ப்பு இல்லாத விசாரணை, விசாரணையே ஆகாது. தமிழில் இதற்கென்றே சில பொறிகள் உள்ளன. 'விசாரணைக்குக் கொண்டு போனார்கள்' என்பதை, காவலில் வைத்துக் கேள்வி கேட்டார்கள் என்றும் மொழிபெயர்க்கலாம், நீதிமன்ற வழக்குக்கு அழைத்துப் போனார்கள் என்றும் மொழிபெயர்க்கலாம். பெரியப்பா மகனை அண்ணா என்பது நமக்கு இயல்பு. ஓரிடத்தில் உடன்பிறந்தவர் என்றும் மற்றோரிடத்தில் ஒன்றுவிட்ட சகோதரர் என்றும் ஆங்கிலத்தில் போனால், முடிவுரையில் அது முரண்பாடாக நிற்கும். ஆனால் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு சரியில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. தீர்ப்பாய விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டுப் பெற்று, தகுதியுள்ள வேறொரு மொழிபெயர்ப்பாளர் எந்த நிமிடத்தில் என்ன சொல்லப்பட்டது, அது எப்படி மாறியது என்று சத்தியக் கடதாசியில் (அஃபிடவிட்) எழுதித் தர வேண்டும்; அந்த இடம் முடிவைப் பாதித்த இடமாகவும் இருக்க வேண்டும்.

நியாயமற்ற முடிவு என்ற வாதம் பேச்சில் எளிது, நீதிமன்றத்தில் கடினம். தீர்ப்பாயம் ஓர் அதிகாரத்தைப் பயன்படுத்திய விதத்துக்கு விளங்கத்தக்க காரணம் எதுவுமே இல்லை என்றால் முடிவு ரத்தாகலாம் என்று 2013இல் உயர் நீதிமன்றம் சொன்னது. அது அகதி வழக்கு அன்று, திறன் விசா கேட்ட ஒருவருக்கு வரவிருந்த மதிப்பீட்டுக்காகச் சற்றுக் காத்திருக்கத் தீர்ப்பாயம் மறுத்த வழக்கு. தர்க்கமே இல்லாத காரணமும் அப்படியே. ஆனால் அறிவுள்ள இருவர் ஒரே சான்றைப் பார்த்து இரு முடிவுக்கு வரக்கூடும் என்றால், அதைத் தர்க்கமற்றது என்று நீதிமன்றம் சொல்லாது.

இவற்றில் எதைக் காட்டினாலும் இன்னொரு கேள்வி எஞ்சும்: அந்தத் தவறு நடந்திராவிட்டால் முடிவு வேறாக இருந்திருக்க, கற்பனையாக அல்லாமல் நடைமுறையில், வாய்ப்பு உண்டா? 2024இல் எல்பிடிடி வழக்கில் உயர் நீதிமன்றம் இந்தப் படி மிக உயரமானது அன்று என்று தெளிவுபடுத்தியது. முடிவு வேறாகவே இருந்திருக்கும் என்று நிறுவ வேண்டியதில்லை. இருந்திருக்கக்கூடும் என்பது போதும்.

35 நாட்கள்

காலக்கெடு சிறிய விடயம் போலத் தோன்றும். வழக்குகள் பலியாவது இங்கேதான். 477ஆம் பிரிவின்படி, முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து 35 நாட்களுக்குள் விண்ணப்பம் நீதிமன்றத்தில் பதிவாக வேண்டும். கடிதம் கைக்குக் கிடைத்த நாள் கணக்கில் இல்லை. நம் கிளிநொச்சிக்காரரின் முடிவுரையில் மார்ச் 3 என்று தேதி இருந்தால், கடைசி நாள் ஏப்ரல் 7. முடிவு அவருடைய பழைய முகவரின் மின்னஞ்சலுக்குப் போய், முகவர் அதை மார்ச் 20 அன்றுதான் எடுத்துச் சொன்னார் என்றாலும் ஏப்ரல் 7 நகராது. உறுப்பினர் விசாரணையின் முடிவிலேயே வாய்மொழியாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால், கணக்கு அன்றே தொடங்கிவிடும்.

தாமதமானால் கதவு முழுதும் அடைபடுவதில்லை. நீதியின் நலனுக்காகக் காலத்தை நீட்டுவது அவசியம் என்று நீதிமன்றம் கருதினால் நீட்டலாம். அதற்கு எழுத்தில் கேட்டு, காரணத்தையும் சொல்ல வேண்டும். எத்தனை நாள் தாமதம், ஏன், வழக்கில் ஏதாவது சாரம் உண்டா என்று பார்ப்பார்கள். நீட்ட மறுத்தால், அந்த மறுப்பை எதிர்த்து வழக்கமான மேன்முறையீடு இல்லை.

விண்ணப்பத்தோடு ஒரு சத்தியக் கடதாசியும் தீர்ப்பாய முடிவின் பிரதியும் வேண்டும். பதிவுக் கட்டணம் 2021 ஜனவரியில் 690 டாலரிலிருந்து 3,330 டாலராகத் தாவியது. பிற்பாடும் ஏறியே வந்திருக்கிறது. பண நெருக்கடி உள்ளவர்கள் குறைத்துக் கேட்கலாம். வழக்குப் போட்டதே விசா ஆகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வழக்கு நடக்கும் காலத்துக்கான பிரிட்ஜிங் விசாவை, பழையது காலாவதியாகும் முன், திணைக்களத்திடம் தனியே கேட்க வேண்டியிருக்கும்.

நீதிமன்ற அறைக்குள்

வழக்கில் முதல் எதிர்வாதி அமைச்சர், இரண்டாவது தீர்ப்பாயம். தீர்ப்பாயம் வழக்கமாக வாதாட வராது. நீதிமன்றம் எதைச் சொன்னாலும் கட்டுப்படுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வாதாடுவது அமைச்சரின் வழக்கறிஞர்கள். வழக்குக் கோப்பு என்று தடித்த ஒரு தொகுப்பையும் அவர்களே தயாரித்து அனுப்புவார்கள். முதல் விசா விண்ணப்பம் முதல் தீர்ப்பாய முடிவு வரை எல்லாம் அதில் பக்க எண்ணோடு இருக்கும். நீதிபதி, "எந்தப் பக்கத்தில் அப்படிச் சொன்னீர்கள்?" என்று கேட்பது இந்தத் தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

பாதுகாப்பு விசா கேட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். அதனால்தான் மேலே வந்த பெரும்பாலான வழக்குகளின் பெயர்கள் வெறும் எழுத்துக்கோவைகளாக இருந்தன. மொழிபெயர்ப்பாளரை நீதிமன்றம் ஏற்பாடு செய்யும். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம், பலர் அப்படித்தான் நிற்கிறார்கள். ஆனால் அதிகார வரம்புத் தவறு என்பதைத் தனியாகக் கண்டுபிடிப்பது அரிது. ஒரு மணி நேர ஆலோசனைக்காவது சமூகச் சட்ட நிலையம் ஒன்றை நாடுவது தகும். வழக்கறிஞர் அல்லாத குடிவரவு முகவர் நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட முடியாது. வெல்ல நியாயமான வாய்ப்பே இல்லாத வழக்கைத் தொடுக்கும்படி ஒருவரைத் தூண்டுவதையும் குடிவரவுச் சட்டம் தடை செய்கிறது. "போட்டு வையுங்கள், 2 வருடம் ஓடும்" என்று சொல்பவரிடம் இதை நினைவூட்டலாம். தோற்றால் அமைச்சரின் வழக்குச் செலவைத் தோற்றவர் கட்ட வேண்டும், அதுவும் பல ஆயிரம் டாலர்.

இதற்கிடையில் நம் கிளிநொச்சிக்காரருக்கு மே மாதத்தில் தாயிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது: சீருடையில்லாத இருவர் வீட்டுக்கு வந்து, மெல்பர்ன் ஆர்ப்பாட்டப் படத்தைக் காட்டி, மகன் எப்போது வருவான் என்று கேட்டார்களாம். தம்மிடமுள்ள மிக வலுவான சான்று என்று அதை அவர் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகிறார். நீதிபதி அதைப் பார்க்க மாட்டார். மார்ச் 3 அன்று தீர்ப்பாயத்தின் முன் இல்லாத ஒரு கடிதம், மார்ச் 3 அன்று தீர்ப்பாயம் சட்டப்படி நடந்ததா என்பதற்கு எந்தச் சாட்சியும் ஆகாது. தீர்ப்பாய விசாரணையின் ஒலிப்பதிவு அப்படியல்ல. அது அங்கே நடந்ததையே காட்டுவதால் ஏற்கப்படும்.

வென்றால் என்ன கிடைக்கும்

விசா கிடைக்காது. தீர்ப்பாயத்தின் முடிவை ரத்துச் செய்யும் ஒரு பேராணையும், சட்டப்படி மீண்டும் முடிவெடுக்குமாறு கட்டளையிடும் இன்னொரு பேராணையும் கிடைக்கும். நாடு கடத்தலை எதிர்த்துப் போராடிய, குயின்ஸ்லாந்தின் பிலோயெலா ஊர்த் தமிழ்க் குடும்பத்தின் நீண்ட போராட்டத்தில்கூட, 2020 ஏப்ரலில் பெடரல் நீதிமன்றம் இளைய மகளின் விடயத்தில் இயற்கை நீதி மறுக்கப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2021 பிப்ரவரியில் மேன்முறையீட்டிலும் அது நிலைத்தது. ஆனால் குடும்பத்துக்கு நிரந்தர விசா வந்தது 2022 ஆகஸ்டில், ஆட்சி மாறியபின், அரசின் முடிவால். நீதிமன்றம் செய்யக்கூடியதும் அமைச்சர் செய்யக்கூடியதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட அருகிலிருக்கும் சாட்சி நமக்குத் தேவையில்லை. தலையிடுமாறு அமைச்சரிடம் யாரும் கேட்கலாம். தலையிட்டே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் அவரை வற்புறுத்த முடியாது.

தோற்றால், 28 நாட்களுக்குள் பெடரல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம். அங்கேயும் கேள்வி அதே வகைதான்: கீழ் நீதிபதி அதிகார வரம்புத் தவறு இல்லை என்று சொன்னது சரியா என்பது. அதற்கும் மேலே போக உயர் நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி வேண்டும். அது மிகச் சிலருக்கே கிடைக்கிறது.

வென்ற வழக்கு ஏஆர்டிக்குத் திரும்பும்போது வழக்கமாக வேறொரு உறுப்பினரிடம் போகும். அவர் பழைய முடிவுரையைத் தொடர்ந்து எழுதுவதில்லை. புதிதாகத் தொடங்குகிறார், அன்றைய நாட்டு நிலைமையைப் பார்க்கிறார், அன்று கையிலுள்ள சான்றுகளைக் கேட்கிறார். முகாம் சம்பவங்களின் தேதிகள் ஏன் முரண்பட்டன என்று நம்மவரிடம் மறுபடியும் கேட்பார்; பழைய வாக்குமூலங்களும் பழைய ஒலிப்பதிவும் கோப்பிலேயே இருக்கின்றன. ஆர்ப்பாட்டப் படங்களைப் பற்றி இம்முறை கேட்காமல் விட முடியாது. நீதிபதி தொடாத தாயின் கடிதத்தையும், அதன் மொழிபெயர்ப்போடும் அது வந்த உறையோடும், அந்த மேசையில் வைக்கலாம்.